வாயில் மறுத்தலும் வாயில் நேர்தலும்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் எங்கள் தமிழ்த்துறையின் பாடத்திட்டக் குழு கூடியது. இளங்கலை மாணவர்களுக்கான கணினித்தமிழ்த் தாளைத் திருத்தியமைப்பது அன்றைய பொருள். ஒருங்குறி, தட்டச்சு முறைகள், மின்னூலாக்கம், சொல்லெண்ணிக்கைக்குச் சிறு நிரல்கள் எழுதுதல் என்பது வரை யாருக்கும் மறுப்பில்லை. கடைசியாக ஓர் அலகைச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். பைத்தான் போன்ற ஒரு ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டு கணினிக்கு வெளியே இருக்கும் ஒரு பொருளை இயக்கிப் பார்ப்பது. ஒரு சிறு விளக்கை ஏற்றி அணைத்தால் போதும், ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்றேன். மூத்த பேராசிரியர் ஒருவர், என்பால் அன்புடையவர்தாம், சிரித்துக்கொண்டே கேட்டார்: "தமிழ் படிக்கிற பிள்ளைக்கு ஒயரும் பல்பும் எதற்குத் தம்பி?"

அவையில் சட்டென்று விடை சொல்ல எனக்கு வரவில்லை. அலகும் சேர்க்கப்படவில்லை. அன்று சொல்ல வராத விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். இலக்கிய அன்பர்கள் கூடும் இவ்விடத்தில் இது சற்று அயலான பொருளாகத் தோன்றலாம். பொறுமையுடன் படித்தால் அவ்வளவு அயலானதன்று என்பது விளங்கும்.

நான் நிரல் எழுதக் கற்றது சொற்களை எண்ணுவதற்காக. ஒரு நூலில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பதற்குப் பைத்தான் மிகவும் கைகொடுத்தது. என் நிரல்கள் எல்லாம் எழுத்தை உண்டு எழுத்தை உமிழ்பவை. பிழை நேர்ந்தால் திரையில் ஒரு வரி வரும். திருத்திவிட்டு மறுபடி ஓடவிடலாம். எவருக்கும் நட்டமில்லை.

2007இல் எங்கள் கல்லூரியில் மணி அடித்துவந்த அலுவலக உதவியாளர் ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. மணி அடிக்கும் பொத்தான் அலுவலகத்துச் சுவரில் இருந்தது. யாருக்கு நினைவு வந்ததோ அவர் அழுத்தினார். ஒரு நாள் மூன்றாம் பாடவேளை எழுபது நிமிடம் நீண்டது. கால அட்டவணைக் குழுவில் நான் இருந்ததால் பழி என் தலையில் விழுந்தது. இயற்பியல் துறை நண்பரிடம் புலம்பினேன். அவர், "உங்களுக்குத்தான் பைத்தான் தெரியுமே, ஐயா. ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்தால் போதும், மணியை அதுவே அடிக்கும்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுத்தை எண்ணும் மொழி மணியை எப்படி அடிக்கும்?

இவ்விடத்தில் சிறு விளக்கம் தேவை. இன்டெல் வழிவந்த கணினிகளில், நினைவகத்துக்குரிய முகவரிகள் போக, 65,536 எண்கள் கொண்ட இன்னொரு முகவரி வரிசை உண்டு. அதை ஒரு தெரு என்று கொள்ளலாம். விசைப்பலகை, கடிகாரம், வட்டு, அச்சுப்பொறி முதலிய உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் அத்தெருவில் சில கதவெண்கள் இருக்கும். ஆங்கிலத்தில் போர்ட் என்பார்கள். தமிழில் துறை என்பாரும் உண்டு, வாயில் என்பாரும் உண்டு. எனக்கு வாயில் என்பதே பிடித்திருக்கிறது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். செயலியிடம் இதற்கென்று இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று வாயிலிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கும், மற்றொன்று வாயிலில் ஓர் எண்ணை எழுதும். அவ்வளவுதான்.

அக்காலக் கணினிகளின் பின்புறத்தில் இருபத்தைந்து முனைகளுடன் அகலமாக ஒரு செருகுவாய் இருக்குமே, அச்சுப்பொறியை மாட்டுவதற்கு, அதைப் பேரலல் போர்ட் என்பார்கள். பெரும்பாலான கணினிகளில் அதன் முதற்கதவெண் 888. பதினாறடி எண்முறையில் 378. அவ்வாயிலில் எழுதும் எண் எட்டு முனைகளில், அதாவது இரண்டாம் முனை முதல் ஒன்பதாம் முனை வரை, மின்னழுத்தமாக மாறி நிற்கும். 1 என்று எழுதினால் முதற்கம்பியில் ஏறத்தாழ ஐந்து வோல்ட் வரும். 2 என்றால் அடுத்த கம்பி. 3 என்றால் இரண்டும். 255 என்றால் எட்டும். 0 என்றால் எல்லாம் அணையும். அச்சுப்பொறிக்காக வைத்த வாயில்தான். ஆனால் அதில் அச்சுப்பொறியை மட்டும்தான் மாட்ட வேண்டும் என்று அந்தக் கம்பிகளுக்குத் தெரியாது.

நண்பர் ஒரு சிறு எல்இடி விளக்கையும் ஒரு மின்தடையையும் இரண்டாம் முனைக்கும் பதினெட்டாம் முனைக்கும் இடையில் மாட்டினார். கணினியில் விண்டோஸ் 98 இருந்தது. பைத்தானின் 2.5ஆம் பதிப்பில், விண்டோசின் நிரல் தொகுதிகளில் உள்ள செயல்களை நேரடியாக அழைக்கும் வசதி புதிதாகச் சேர்ந்திருந்தது. அதைக் கொண்டு மைக்ரோசாப்டின் சி மொழித் தொகுதியில் இருந்த 'அவுட்' செயலை அழைத்து, 888, 1 என்று இரண்டு எண்களைக் கொடுத்தேன். விளக்கு எரிந்தது.

அதுவரை நான் எழுதிய நிரல்கள் எல்லாம் எதையோ சொல்லின. இது ஒன்றைச் செய்தது. தொழிற்பெயருக்கும் வினைமுற்றுக்கும் உள்ள வேறுபாடு போல அது எனக்குப் பட்டது. ஒரே வாரத்தில் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு ரிலேயும் சேர்ந்தன. மணி தானாக அடிக்கத் தொடங்கியது. முதல்வர் பாராட்டினார். பெருமையாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அந்தப் பெருமை 2008 நவம்பர்த் தேர்வு வரையில்தான் நீடித்தது. தமிழகத்தில் கடும் மின்வெட்டு நிலவிய பருவம் அது. தேர்வு நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய், சிறிது நேரத்தில் திரும்பியது. கணினி தானே உயிர்பெற்றது. விண்டோஸ் எழுந்து என் நிரல் ஓடத் தொடங்கச் சற்று நேரம் ஆகும் அல்லவா? அந்த இடைவெளியில் பல கணினிகள் பேரலல் போர்ட்டின் கம்பிகளை எல்லாம் உயர்த்தி வைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. ரிலே மூடியது. மணி நீண்டு ஒலித்தது. தேர்வு முடியும்போது அடிக்கும் நெடுமணி போலவே ஒலித்தது.

அறைக் கண்காணிப்பாளர்கள் பலரும் கைக்கடிகாரத்தைப் பார்த்து மாணவரை அமர்த்திவிட்டார்கள். ஓர் அறையில் மட்டும் ஒரு மாணவி விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கொடுத்த தாளைத் திரும்பத் தரக்கூடாது என்பது விதி. நான் சென்று மன்றாடினேன், விதி விதிதான். அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள் என்றாலும், தெரிந்தும் எழுதாமல் விட்ட ஒரு நெடுவினா விட்டது விட்டதுதான். மறுநாள் என்னிடம் அவள் சொன்னது ஒரே தொடர். "மணி அடிச்சுதே ஐயா." அதில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே இன்றும் மறக்க முடியவில்லை.

நண்பர் அன்று மாலையே திருத்தத்தைச் சொன்னார். முதற்கம்பி உயர்ந்து, அதே நேரத்தில் இரண்டாம் கம்பி தாழ்ந்திருந்தால் மட்டுமே ரிலே மூட வேண்டும். எல்லாக் கம்பிகளும் உயர்ந்தாலும் மணி அடிக்காது, எல்லாம் தாழ்ந்தாலும் அடிக்காது. வேண்டுமென்றே ஒருவர் 1 என்று எழுதினால் மட்டுமே அடிக்கும். நிரலில் ஒரு வரி மாறியது, பலகையில் ஒரு டிரான்சிஸ்டர் கூடியது. ஒரு கருவி எழும்போதும் விழும்போதும் எந்த நிலையில் இருக்கும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன். எந்தப் புத்தகத்தைப் படித்திருந்தாலும் அந்த அழுத்தத்தோடு கற்றிருக்க மாட்டேன்.

அடுத்த ஆண்டு அந்தப் பழைய கணினி பழுதாயிற்று. அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியைத் தந்தார்கள். அதே நிரல், அதே கம்பிகள். ஓடவிட்டேன். செய்ய உரிமையில்லாத கட்டளை என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்தது. வாயில் அங்கேயே இருந்தது. என்னைத்தான் உள்ளே விடவில்லை.

அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. என் கல்லூரி, என் கணினி, என் மணி. இடையில் தடுக்க இவர் யார்? இன்றும் ஆர்வலர் பலர் இவ்வாறே பேசக் கேட்கிறேன். ஆனால் அந்தத் தடைக்குக் காரணம் உண்டு. 888க்கு அருகிலும் தொலைவிலும் வேறு கதவுகள் இருக்கின்றன. விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லுக்குரிய 100ஆம் வாயிலில் 254 என்று எழுதினால், கணினி அந்தக் கணமே மறுதொடக்கம் கொள்ளும். சேமிக்காதது எல்லாம் போகும். 496 முதல் 503 வரை உள்ளவை பழைய வன்வட்டுக்கு உரியவை. அங்கே தவறான எண்கள் சென்றால் தரவு அழியக்கூடும். ஒரே கணினியில் பல நிரல்கள் ஒருங்கே ஓடும்போது, எவர் வேண்டுமானாலும் எந்தக் கதவையும் தட்டலாம் என்றால் ஒருவர் பிழை எல்லோர் தலையிலும் விழும். இதற்காகவே 1982இல் வந்த 80286 செயலியில் நான்கு படிநிலை உரிமைகளை வைத்தார்கள். 1985இல் வந்த 80386 இன்னும் நுணுக்கமாக, எந்த நிரலுக்கு எந்த வாயில் என்று ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனியே குறித்துவைக்கும் பட்டியலுக்கு இடம் தந்தது. விண்டோஸ் 98 பழைய நிரல்களை மனத்தில் கொண்டு கதவுகளைத் திறந்தே வைத்திருந்தது. எக்ஸ்பியோ என்டி வழிவந்தது. சாதாரண நிரல்களுக்கு அது மூடிவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் போகாது. தொல்காப்பியக் கற்பியல் பன்னிரண்டு வாயில்களைத் தொகுத்துச் சொல்கிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் என்று தொடங்கும் அப்பட்டியலில் உள்ளோர் அனைவரும் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல் கொண்டு செல்பவர்கள். அங்கே வாயில் என்பது சுவரில் உள்ள திறப்பு மாத்திரமன்று, நடுவில் நிற்கும் ஆளும் வாயில்தான். பரத்தையிற் பிரிந்து திரும்பும் தலைவன் வாயில் அனுப்புவான். உள்ளிருப்போர் ஏற்கலாம், மறுக்கலாம். வாயில் நேர்தல், வாயில் மறுத்தல் என இரண்டும் துறைகளாயின. போர்ட் என்பதற்கும், அதைக் காத்து நிற்கும் டிரைவர் என்னும் இயக்கிக்கும் சேர்த்து வாயில் என்ற ஒரே சொல் பொருந்துவதைக் கண்டு நான் வியந்தது உண்டு. எக்ஸ்பி எனக்குச் செய்தது வாயில் மறுத்தல். நான் அடுத்துச் செய்ததுதான் தவறு.

இணையத்தில் தேடினேன். தடையைக் கடக்கும் உத்திகள் குவிந்து கிடந்தன. என்டி காலத்திலேயே, 1996இல், டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்ற நிரலாக்க இதழில் வெளிவந்த கிவ்ஐஓ என்னும் சிறு இயக்கி ஒன்று. இன்ப்அவுட்32 என்ற தொகுதி மற்றொன்று. பின்னதை நிறுவினேன். பைத்தானிலிருந்து அழைத்தேன். மணி அடித்தது. வென்றுவிட்டேன் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் மகிழவில்லை. "உங்களுக்கு வேண்டியது ஒரு கதவு. நீங்கள் மதிலையே இடித்துவிட்டீர்களே, ஐயா" என்றார். அந்த இயக்கி, தன்னைக் கேட்கும் எந்த நிரலுக்கும் எல்லா வாயில்களையும் திறந்துவிடக்கூடியது. அலுவலகக் கணினியோ இணையத்தில் இணைந்திருந்தது. மாணவர் மதிப்பெண்கள் அதில்தான் பதிவாயின. என் மணிக்காக அதை யார் கைக்கும் எட்டும்படி வைத்துவிட்டேன்.

இது ஏதோ பழங்கதை என்று எண்ண வேண்டாம். விசிறி வேகத்தையும் வெப்பத்தையும் அறியப் பல இலவச நிரல்கள் நெடுங்காலம் பயன்படுத்திவந்த வின்ரிங்0 என்ற இயக்கி இதே இனத்தைச் சேர்ந்தது. வாயில்களை மட்டுமன்றி நினைவகத்தையும் அது திறந்துவிடும். 2025இல் மைக்ரோசாப்டின் டிஃபெண்டர் அதை ஊறு விளைவிக்கக்கூடியது என்று அடையாளமிட்டுத் தடுக்கத் தொடங்கியபோது, அதை நம்பியிருந்த நல்ல நிரல்கள் பலவும் சேர்ந்தே முடங்கின. விசிறியைச் சுழற்ற விரும்பியவன் தீயவன் அல்லன். ஆனால் அவனுக்காகத் திறந்த வழி அவனுக்கு மட்டும் திறந்ததாக இல்லை.

ஆக, என் முதற்கருத்து இது: இயங்குதளம் வாயிலை மறுப்பது முறையே. ஆர்வலர் இதை ஏற்க வேண்டும். ஆனால் இத்துடன் நிறுத்திக்கொள்வோரோடும் எனக்கு வழக்கு உண்டு. மதில் வேண்டும் என்பதிலிருந்து வாயிலே வேண்டாம் என்ற முடிவுக்கு எப்படிப் போகிறார்கள்?

நண்பர் சொற்படி அந்தக் கணினியிலிருந்து மணியைப் பிரித்து, லினக்ஸ் ஏற்றிய வேறொரு பழைய கணினியில் வைத்தோம். அங்கே மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் மூன்று ஒழுக்கங்கள் எனலாம். முதலாவது, தெருமுழுவதையும் ஒரே கோப்பாகக் காட்டும் வழி. அக்கோப்பைத் திறந்து, 888ஆம் இடத்துக்கு நகர்ந்து, ஒரு பைட் எழுதினால் கம்பி உயரும். பைத்தானில் மூன்று வரி. மிக எளிது, மிக ஆபத்தும்கூட. கணினியின் முழு உரிமை உடையவராக நுழைந்தால்தான் முடியும், நுழைந்தவர் எந்த இடத்திலும் எழுதலாம். இரண்டாவது, ஐஓபெர்ம் என்னும் அழைப்பு. இன்ன எண்ணிலிருந்து இத்தனை வாயில்கள் என்று கேட்டுப் பெறலாம். 888இல் தொடங்கி மூன்று போதும் என்றால் மூன்றே கிடைக்கும். ஆயினும் கேட்பதற்கே உயர் உரிமை வேண்டும். மூன்றாவது, பேரலல் போர்ட்டுக்கென்றே கெர்னல் வைத்திருக்கும் இடையாள். அச்சுக்குரிய குழுவில் உறுப்பினராக இருந்தால் போதும். முதலில் வாயிலை எனக்கென்று கேட்டுப் பெற வேண்டும், பயன்படுத்த வேண்டும், பின்பு விடுவிக்க வேண்டும். கதவெண்ணைச் சொல்லவே தேவையில்லை.

மூன்றாம் வழியைக் கண்டபோது எனக்குச் சிலம்பின் வாயிலோன் நினைவுக்கு வந்தான். பாண்டியன் அரண்மனை வாயிலில் கண்ணகி நிற்கிறாள். வாயிலோன் அவளைத் துரத்தவில்லை, தானாகவே திறந்துவிடவும் இல்லை. வந்திருப்பவள் யார், கையில் என்ன, எந்நிலையில் நிற்கிறாள் என்று உள்ளே சென்று உரைத்தான். விடை பெற்றபின் வழிவிட்டான். நல்ல இயக்கியின் இலக்கணம் இதைவிட வேறில்லை. அவன் இல்லாத அரண்மனையில் யாரும் நுழையலாம். அவன் மறுத்தே பழகியிருந்தால் வழக்குரை காதையே இல்லை.

காலம் அத்துடன் நிற்கவில்லை. பேரலல் போர்ட் கணினிகளிலிருந்து மெல்ல மறைந்தது. யுஎஸ்பியில் மாட்டும் மாற்றி ஒன்றை வாங்கிப் பார்த்தோம். அச்சுப்பொறிக்கு உதவும் பெரும்பாலான மாற்றிகளுக்கு 888 என்ற கதவே கிடையாது என்பதை வாங்கியபின் அறிந்தோம். லினக்சும் கட்டை இறுக்கியது. 2019இல் வந்த 5.4ஆம் கெர்னல் முதல் உள்ள பூட்டுமுறையை இயக்கிவைத்தால், முழு உரிமை பெற்றவருக்கும்கூட அந்தத் தெருக்கோப்பும் ஐஓபெர்மும் மறுக்கப்படும்.

ஒரு வாயில் மூடும்போது இன்னொன்று திறக்கவும் செய்தது. 2012இல் வந்த ராஸ்பெரி பை என்னும் சிற்றணிக் கணினி, செருகுமுனைகளை வெளியே தெரியும்படி வரிசையாக வைத்திருந்தது. பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்காகவே வைத்தவை அவை. அதிலும் இதே பாடம் மறுபடி நடந்தது. பைத்தானிலிருந்து அம்முனைகளை இயக்கப் பலரும் பயன்படுத்திய ஒரு தொகுதி, சில்லின் உள்முகவரிகளை நேரே அறிந்து அங்கேயே எழுதுவது. விரைவானது. 2023இல் ஐந்தாம் தலைமுறைப் பலகை வந்தபோது முனைகளின் பொறுப்பு வேறொரு சில்லுக்கு மாறியது, முகவரிகள் மாறின, அந்தத் தொகுதி செயலற்றுப்போனது. கெர்னலின் வழியே கேட்டுப் பழகிய நிரல்களோ சிறு மாற்றத்தோடு தொடர்ந்து ஓடின. வீட்டெண்ணை மனப்பாடம் செய்தவன் தெரு மாறியதும் திகைத்து நின்றான். பெயர் சொல்லி விசாரித்தவன் போய்ச்சேர்ந்தான்.

இப்போது அந்த மூத்த பேராசிரியரின் கேள்விக்கு வருகிறேன். இவை எல்லாம் பொறியாளர் கவலைகள்தாமே, தமிழ் மாணவருக்கு எதற்கு? மற்றொரு தரப்பு வேறுவிதமாகக் கேட்கும்: நிரல் எழுதுவோருக்கே இதெல்லாம் தேவையில்லை, யாரோ எழுதிவைத்த தொகுதியை அழைத்தால் போதாதா?

தொகுதியை அழைப்பது தவறன்று. உரையாசிரியர் துணையின்றி நாம் யாரும் பழநூல் படிப்பதில்லை. ஆனால் உரையை மட்டும் படித்து மூலத்தை ஒருமுறையும் பாராதவரை நாம் தமிழறிந்தவர் என்று ஏற்பதில்லை அல்லவா? மூலத்தை ஒருமுறை தொட்டவன்தான் உரை எங்கே விளக்குகிறது, எங்கே மறைக்கிறது என்று அறிவான். கணினியிலும் அப்படித்தான். ஓர் எண் ஒரு கம்பியில் மின்னழுத்தமாகி ஒரு விளக்காகும் இடத்தை ஒருமுறை கண்டவனுக்கு, அதற்குமேல் அடுக்கியுள்ள எல்லாம் மனிதர் கட்டியவை என்பது விளங்கிவிடும். காணாதவனுக்குக் கணினி மாயமாகவே இருக்கும். மாயத்தின் முன் நிற்பவன் கேள்வி கேட்பதில்லை. அது சொன்னதைச் சரி என்று ஏற்றுக்கொள்வான்.

இதற்கு ஸ்கிரிப்ட் மொழியே ஏற்றது என்பதும் என் துணிபு. சி மொழியில் எழுதினால்தான் வன்பொருள் என்று நினைப்போர் உண்டு. அசெம்பிளி தெரியாதவன் வாயிலைப் பற்றிப் பேசலாமா என்று என்னிடமே ஒருவர் கேட்டார். ஒருவர் ஏற்கெனவே சொல் எண்ணக் கற்ற மொழியிலேயே விளக்கையும் ஏற்ற முடியும்போது, இரண்டும் ஒரே உலகம் என்பது தானே புலப்படும். புதுதில்லியின் இண்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் 2000களின் நடுப்பகுதியில் பீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்த மொழி பைத்தான். பேரலல் போர்ட்டில் மாட்டும் ஒரு பெட்டியும் சில பைத்தான் வரிகளும் கொண்டு, கல்லூரி மாணவர் இயற்பியல் சோதனைகளைத் தாமே செய்யலாம் என்று காட்டினார்கள். அதன் வழித்தோன்றலாகிய எக்ஸ்ப்ஐஸ் யுஎஸ்பிக்கு மாறிவிட்டது, மொழி மாறவில்லை. நுண்வினாடி துல்லியம் வேண்டும் இடத்தில் ஸ்கிரிப்ட் மொழி பின்தங்கும் என்பது உண்மையே. எங்கள் மணிக்கு அரை வினாடி முன்பின் போனால் எந்தப் பாடமும் கெட்டுவிடாது.

ஆபத்து? அதற்கும் இன்று நல்ல விடை இருக்கிறது. மைக்ரோபைத்தான் ஓடும் சிறு பலகைகள், 2021இல் வந்த பைக்கோ போன்றவை, ஒரு கதைப்புத்தக விலைக்குள் கிடைக்கின்றன. அவற்றில் வழக்கமான இயங்குதளம் இல்லை, மதிலும் இல்லை. எந்த முகவரியிலும் எழுதலாம். கெட்டால் அந்தப் பலகை மட்டுமே திகைத்து நிற்கும். மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். மதிப்பெண் பட்டியல் எதுவும் அதில் இல்லை. தனி வீட்டில் கதவைத் திறந்துபோட்டுப் பழகட்டும். பொதுமனைக்கு வரும்போது வாயிலோன் ஏன் நிற்கிறான் என்பது சொல்லாமலே விளங்கும். இரண்டையும் கற்பிக்க ஐந்து மணி நேரம் போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்று எங்கள் ஆய்வகக் கணினிகளில் மாணவர் எதையும் நிறுவ முடியாது, எதையும் மாட்ட முடியாது. அந்த விதியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த விதி ஏன் என்று ஒரு மாணவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நாமும் எண்ணவில்லை. காரணம் தெரியாமல் கட்டுப்படுவதைப் பழக்கிவிட்டு, அதற்குக் கணினியறிவு என்று பெயரிடுகிறோம். இது எனக்கு உடன்பாடன்று.

எங்கள் கல்லூரியில் மணி இப்போதும் தானாகத்தான் அடிக்கிறது. பழைய கணினி போய்விட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையும், நேரம் காட்டும் ஒரு சில்லும், அதே ரிலேயும் ஒரு சிறு பெட்டியில் இருக்கின்றன. மின்சாரம் போய்த் திரும்பினால் மணி அடிக்காது. ஒவ்வொரு தேர்வுக்கு முந்தின நாளும் நான் அதை அணைத்து ஏற்றிப் பார்த்துவிட்டே வீடு திரும்புகிறேன். பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக இது வழக்கம்.

அடுத்த பாடத்திட்டக் குழு கூடும்போது அந்த அலகை மறுபடி முன்வைப்பேன். இம்முறை விளக்கவுரை எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். பலகையையும் விளக்கையும் கையோடு கொண்டுசென்று மூத்த பேராசிரியர் முன் வைத்துவிட்டு, அவரையே ஒரு வரி தட்டச்சு செய்யச் சொல்வேன்.